சவர பிரஷ் வாங்குவதும் பழக்குவதும்

முகச் சவரத்துக்கு உதவும் பிரஷ்ஷைப் பற்றியும் ஒரு பேச்சு வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கத்தியைப் பற்றிப் பேசினாலும் பொருத்தம் உண்டு. கன்னத்தைக் கீறுவது கத்திதானே, பிரஷ் யாரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பதைச் சற்றுக் கவனித்தால், இந்தச் சிறு பொருளால் வீணாகும் பணமும், இது இல்லாமையால் வரும் முகப்புண்ணும் கொஞ்சமல்ல என்பது விளங்கும்.

வழக்கமாக நடப்பது இதுதான். சம்பளம் வாங்கிய கையோடு பட்டணத்துக்குப் போனவர், கடையில் தொங்கும் மலிவான பிரஷ் ஒன்றை வாங்கி வருகிறார். மறுநாள் காலை முகத்தில் வைத்தால் முள்ளாகக் குத்துகிறது. நனைந்த ஆட்டின் நாற்றம் அடிக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழுவதில்லை. எழுந்த நுரையும் நொடியில் மறைகிறது. போதாக்குறைக்கு நாலைந்து மயிர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "மட்டமான சாமான்" என்று அதை மூலையில் எறிந்துவிட்டு, குளிக்கும் சவுக்காரத்தையே கையால் தடவி, வறண்ட முகத்தில் கத்தியை ஓட்டுகிறார். எறியப்பட்ட அந்தப் பிரஷ் பெரும்பாலும் கெட்ட பிரஷ் அன்று, பழகாத பிரஷ். புதுக் காளையை முதல் நாளே நுகத்தில் பூட்டிவிட்டு, வண்டி ஓடவில்லையே என்று கோபிப்பதைப் போன்றதுதான் இது.

மலிவு விலையில் கிடைக்கும் சவர பிரஷ்களில் பெரும்பாலானவை பன்றியின் முதுகிலும் கழுத்திலும் வளரும் தடித்த மயிரால் செய்யப்படுபவை. விலை உயர்ந்தவை பேட்ஜர் என்னும் வளைக்கரடியின் மயிரால் ஆனவை. அவை முதல் நாளிலிருந்தே மென்மையாக இருக்கும். அதற்கேற்ற விலையும் கேட்கும். மூன்றாவதாக, நைலான் முதலிய செயற்கை இழைகளால் ஆனவையும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. நாம் இன்று பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

பன்றிமயிருக்கு இரண்டு தனிக் குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் செய்முறைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். முதலாவது, இந்த மயிர் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதோடு, நுனி இயற்கையாகவே இரண்டாகவும் மூன்றாகவும் பிளவுபட்டிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மயிரைப் பிடித்துப் பார்த்தால் இந்தப் பிளவு தெரியும். வீட்டுக்குச் சாயம் பூசும் பிரஷ்களிலும் பன்றிமயிரைப் பெரிதும் விரும்புவதற்குக் காரணம் இதுவே. பிளந்த நுனி சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சவர பிரஷ்ஷில் அது நுரையைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரண்டாவது, பன்றிமயிர் தண்ணீரைக் குடிக்கும். வளைக்கரடி மயிர் நீரைத் தன் இழைகளுக்கு இடையில் தேக்கிவைத்துக்கொள்ளுமேயன்றி அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. பன்றிமயிரோ நீரை உறிஞ்சி இளகுகிறது. காய்ந்தால் மறுபடி விறைக்கிறது. இப்படி நனைவதும் காய்வதுமாகப் பலமுறை மாறி மாறி நடக்கும்போது நுனிகள் மேலும் மேலும் நுண்மையாகப் பிளந்து பஞ்சுபோல் ஆகின்றன. அடிப்பகுதி மட்டும் தன் விறைப்பை விடுவதில்லை. நுனி மிருதுவாகவும் முதுகெலும்பு உறுதியாகவும் அமைவதுதான் நல்ல பிரஷ்ஷின் இலக்கணம். பழக்குதல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஒரு காலத்தில் இந்த மயிருக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பு இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். சீனாவின் சுங்கிங் நகர்ப் பக்கத்துப் பன்றிமயிர் பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசாங்கம் இதைப் போருக்கு வேண்டிய பொருள்களில் ஒன்றாகவே கருதியது; போர்க்கப்பல்களுக்கும் முகாம்களுக்கும் சாயம் பூச பிரஷ் வேண்டுமே! பல் துலக்கும் பிரஷ்ஷும் முன்பு பன்றிமயிர்தான். நைலான் பல் பிரஷ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1938-இல்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. பிரஷ்களில் மயிர் உதிர்வது பழைய நாள் தொட்டு வரும் தொல்லை. அதைத் தீர்க்க, அமெரிக்காவில் நியூவர்க் நகரத்து ரப்பர்செட் என்னும் நிறுவனம், மயிர்க்கற்றையின் அடியைக் கெட்டி ரப்பரில் பதித்து, ரப்பரைச் சூட்டால் இறுக்கி, மயிர் அசையாதபடி பிடிக்கச் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த பிரஷ்கள் அங்கே பெரிதும் விலைபோயின. மலாயாவில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் எழுந்து மரம் சீவிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அமெரிக்கா மலாயா ரப்பரைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது பெரும்பாலும் ஒருவகைப் பிசினால்தான் மயிரை ஒட்டுகிறார்கள்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். இத்தாலியில் செய்யப்படும் ஒமேகா, போர்த்துகலில் செய்யப்படும் செமோக் ஆகியவை மலிவான பன்றிமயிர் பிரஷ்களுக்குப் பெயர்பெற்றவை. ஆனால் பெயரைவிடப் பொருளைப் பார்த்து வாங்குவதே நமக்கு ஏற்றது. கடையில் கையில் எடுத்ததும் முதலில் நுனியைப் பாருங்கள். கத்தரிக்கோலால் சமமாக நறுக்கிவிட்டதுபோல் நுனிகள் மொட்டையாக இருந்தால் அதை வைத்துவிடுங்கள். மயிரின் மதிப்பே அதன் பிளந்த நுனியில் இருக்கிறது. நறுக்கிய மயிர் எத்தனை மாதம் பழக்கினாலும் குத்திக்கொண்டேதான் இருக்கும். நல்ல வேலைக்காரர் கற்றையை ஒரு குழியில் தலைகீழாக இட்டு, நுனிகள் தாமாகவே குவிந்த வடிவம் பெறும்படி அடுக்குவார். அப்படிச் செய்தது பார்த்தவுடன் தெரியும். நுனியின் நிறம் சற்று வெளுத்து, மங்கலாகப் பூத்தாற்போல் தோன்றும்.

அடுத்து, கட்டை விரலால் கற்றையின் நடுவில் அழுத்திப் பாருங்கள். விரல் உடனே அடிவரை போய் மோதினால் மயிர் குறைவு, நுரை நிற்காது. சற்றே எதிர்த்து, விட்டவுடன் நிமிர்ந்தால் நல்லது. பிறகு நாலைந்து மயிரைச் சேர்த்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். புது பிரஷ்ஷில் ஒன்றிரண்டு தளர்ந்த மயிர் வருவது இயல்பு. கொத்தாக வந்தால் ஒட்டு சரியில்லை. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, கற்றையின் அடிவட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருப்பது ஒருவர் முகத்துக்குப் போதும். மயிரின் நீளம் 50 முதல் 58 மில்லிமீட்டர் இருந்தால் முகத்திலேயே நுரை கட்டுவதற்கு வசதி. அதைவிட நீளமானவை முடிதிருத்தும் கடைகளில் மங்கில் நுரை கட்டிப் பலருக்குத் தடவுவதற்கென்று செய்யப்படுபவை. அவையும் நல்லவையே, ஆனால் முதற்பழக்கத்துக்குச் சற்று வழவழவென்று ஆடும். கைப்பிடி பிளாஸ்டிக்கானால் கவலை இல்லை. மரக் கைப்பிடி அழகுதான். மெருகு விரிந்து நீர் உள்ளே போனால் பிளக்கும். நம் ஊர் ஈரத்துக்குப் பிளாஸ்டிக்கே மேல் என்பது எங்கள் கருத்து. கறுப்புக் கோடு போட்டு வளைக்கரடி மயிர்போல் காட்டும் சாயமிட்ட பிரஷ்களும் உண்டு. அதில் குற்றம் ஒன்றுமில்லை. முதல் இரண்டு மூன்று கழுவலில் சாயத்தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கோட்டுக்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம்மைச் சுற்றி மலாய்க்காரர்களும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளர்களும் வாழ்கிறார்கள். இஸ்லாமிய நெறியில் பன்றியும் அதன் மயிரும் கடுமையான தீட்டு. அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவி, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவித்தான் அவர்கள் மீண்டும் பயன்படுத்துவார்கள். மலேசியாவில் 2013-இல் பிறப்பிக்கப்பட்ட வாணிப விவரிப்பு ஆணையின்படி, பன்றி அல்லது நாயின் எந்தப் பகுதியாலும் செய்த பொருளாயின், அது இன்னதென்று எழுதி, மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துவைத்தே விற்க வேண்டும். 2017 பிப்ரவரியில் அரசாங்க அதிகாரிகள் கடைகளில் சோதனையிட்டு, அவ்வாறு குறிக்கப்படாத 2,000-க்கும் மேற்பட்ட சாயப் பிரஷ்களைப் பறிமுதல் செய்தார்கள். ஆகவே வாங்கும்போதே எழுத்தைப் பாருங்கள். புலு பாபி என்று மலாயில் இருந்தால் பன்றிமயிர். எழுத்தே இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

அதைவிட வேண்டியது, வாங்கிய பின் நடந்துகொள்ளும் முறை. பொதுக்குழாயடியில் சவரம் செய்பவர்கள் இந்த பிரஷ்ஷை எல்லாருக்கும் பொதுவான வாளியிலோ மங்கிலோ முக்கக் கூடாது. அதற்கென்று ஒரு மங்கு தனியாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு இஸ்லாமிய நண்பர் அவசரத்துக்குக் கேட்டால், "இது பன்றிமயிர், அண்ணே" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவர் தெரியாமல் பயன்படுத்திவிட்டுப் பிறகு அறிந்தால் மனம் எவ்வளவு புண்படும் என்பதை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுச் சிநேகம் ஒரு பிரஷ்ஷால் கெட வேண்டாம். நம்மிலும் சுத்த சைவமாக இருப்பவர்கள், விரத காலத்தில் மிருகப் பொருளைத் தொடாதவர்கள் உண்டு. அவர்களும் இஸ்லாமிய நண்பர்களும் செயற்கை இழை பிரஷ்ஷை வாங்கலாம். பழக்க வேண்டிய வேலையே அதில் இல்லை. சீக்கிரம் காய்ந்தும் விடும்.

வாங்கி வந்தாயிற்று. முதலில் நாற்றத்தைப் போக்க வேண்டும். இளஞ்சூடான நீரில் பிரஷ்ஷை நனைத்து, தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு, உள்ளங்கையில் வட்டமாகச் சுழற்றிக் கழுவுங்கள். நன்றாக அலசிவிட்டு மறுமுறையும் செய்யுங்கள். பிறகு உதறி, துண்டில் ஒற்றி, காற்றாட ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். நாற்றம் இன்னும் கொஞ்சம் இருக்கும். நாலைந்து நாள் நுரை பட்டால் தானாகப் போய்விடும். வாசனைத் தைலமோ டெட்டாலோ ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அதற்கடுத்த ஒரு வாரம், முகத்தில் வைக்காமலே பழக்கலாம். மாலையில் வேலை முடிந்து குளிக்கப் போகும்போது ஒரு மங்கில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, மயிர் மட்டும் முக்கால் அளவு மூழ்கும்படி பிரஷ்ஷைப் பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். கைப்பிடியின் சேர்மானம் வரை மூழ்க வேண்டாம், ஒட்டு இளகும். பிறகு எடுத்து உதறி, சவரச் சவுக்காரத்தில் சுழற்றி, உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் நுரை கட்டுங்கள். முதல் நாள்களில் நுரை எழுந்ததும் செத்துப்போவதைக் காண்பீர்கள். காரணம் முன்பே சொன்னதுதான்: தாகமெடுத்த மயிர் நுரையிலுள்ள நீரைக் குடித்துவிடுகிறது. பிரஷ்ஷின்மேல் கோபப்படாமல் இன்னும் சிறிது நீரும் சவுக்காரமும் சேர்த்துக் கட்டுங்கள். பின்பு அலசி, உதறி, மறுநாள் மாலை வரை காயவிடுங்கள். இந்தக் காயவிடுதலைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். சீக்கிரம் பழகட்டும் என்று நாள் கணக்கில் தண்ணீரிலேயே ஊறப்போடுகிறார்கள். அது பயன் தராது. நனைந்து காய்ந்தால்தான் நுனி பிளக்கும். எப்போதும் ஊறிக்கிடந்தால் மயிர் சோர்ந்து, கற்றை அழுகத் தொடங்கும்.

வாரம் கழித்துச் சவரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் சவரத்துக்கு முன் மூன்று நான்கு நிமிடம் நீரில் ஊறவைக்கத் தவறாதீர்கள். பல் துலக்கும் நேரம் போதும். ஆயுள் முழுவதும் பன்றிமயிர் பிரஷ்ஷுக்கு இந்த ஊறல் வேண்டும். பத்தாவது சவரத்துக்குள் வித்தியாசம் தெரியும். முப்பது சவரம் ஆனபிறகு, இதுவா அந்த முள் என்று கேட்கத் தோன்றும். வாரத்தில் மூன்று நாள் சவரம் செய்பவருக்கு இது இரண்டு அல்லது இரண்டரை மாதக் கணக்கு. இடையில் பிரஷ்ஷின் உருவமும் மாறும். கடையில் ஒடுங்கியிருந்தது தாமரைபோல் விரியும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, பழகிய அறிகுறி.

அவசரக்காரர்கள் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகள் சில உண்டு. ஒருவர் கொதிநீரில் போடச் சொல்வார். இன்னொருவர் சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல்வார். மூன்றாமவர் குத்தும் நுனியைக் கத்தரித்துவிடச் சொல்வார். கொதிநீர் மயிரை முறுக்கி ஒட்டையும் இளக்கிவிடும். சிமெண்டு மயிரை ஒடிக்கும். கத்தரிக்கோலைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம். இம்மூன்றையும்விட அதிக பிரஷ்களைக் கெடுப்பது வேறொன்று: முகத்தில் வைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பலங்கொண்டு அழுத்துவது. அப்படிச் செய்தால் கற்றையின் நடுவிலுள்ள மயிர்கள் அடியோடு ஒடிந்து நடுவில் ஒரு குழி விழும். நுனிகள் மட்டும் முகத்தில் படட்டும். முதலில் சிறு வட்டங்களாகவும், முடிவில் மேலும் கீழுமாகவும் தடவினால் தாடிமயிர் நிமிர்ந்து நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு நுரை எதற்கு என்று கேட்டால், தாடிமயிர் காய்ந்திருக்கும்போது மிகவும் உறுதியானது. இரண்டு மூன்று நிமிடம் நீர் பட்டால் ஊதி இளகுகிறது. அதை வெட்டக் கத்திக்கு வேண்டிய விசை வெகுவாகக் குறைகிறது. நுரை அந்த ஈரத்தை முகத்தில் நிறுத்திவைக்கிறது. குளிக்கும் சவுக்காரத்தின் நுரை பெரிய குமிழியாக எழுந்து சீக்கிரம் காய்ந்துவிடும். சவரச் சவுக்காரத்தில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதனால் நுரை தயிர்போல் கெட்டியாக நிற்கும். இந்த ஸ்டியரிக் அமிலம் பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. செம்பனைக் குலை அறுக்கும் நம் தோழர்கள் தாங்கள் அறுத்த குலையின் ஒரு துளியைத் தம் கன்னத்திலேயே தடவிக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையன்று.

இனி நோய் பற்றிச் சிறிது. முதல் உலகப் போரின்போதும் அதன் பின்னரும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் முகத்திலும் கழுத்திலும் அடைப்பான் நோய் கண்டது. ஆந்த்ராக்ஸ் எனப்படும் இது ஆடு மாடு குதிரைகளுக்கு வருவது. காரணத்தைத் தேடியபோது, சரியாகச் சுத்திகரிக்காத குதிரைமயிரால் செய்த மலிவான சவர பிரஷ்களில் அந்நோயின் கிருமி இருந்தது தெரியவந்தது. சிலர் இறந்தும் போனார்கள். 1920-இல் இங்கிலாந்து, ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. மயிரைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் முறைகள் கண்டிப்பான பிறகு அந்த ஆபத்து நீங்கியது. இப்போது விற்பனைக்கு வரும் பிரஷ்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பழைய சாமான் கடையில் அழகான தந்தப்பிடி போட்ட நூறு வருஷத்துப் பிரஷ் கிடைத்தால், அதை அலமாரியில் வைத்துப் பாருங்கள், முகத்தில் வைக்காதீர்கள்.

இன்று நமக்குள்ள ஆபத்து வேறு. ஒரே பிரஷ்ஷையும் ஒரே கத்தியையும் அப்பா, அண்ணன், தம்பி, மாமன் என்று குடும்பம் முழுதும் பயன்படுத்துவது சில வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்; இரத்தம் கசியும். கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலை பி கிருமி, காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். தாடியில் சீழ்க்கொப்புளம் உள்ளவரின் பிரஷ் மற்றவர் முகத்துக்கும் அதைக் கொண்டுபோகும். நம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பது எல்லாரும் அறிந்தது. அவர்களுக்குச் சிறு கீறலும் ஆறுவதற்கு நாளாகும். மகனுக்கு மீசை அரும்பத் தொடங்கியதும், "அப்பா, உங்க பிரஷ்ஷக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பான். கொடுக்காதீர்கள்; அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுத்து, பழக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். பருக்கள் நிறைந்த இளம் முகத்துக்குப் பழகாத பிரஷ் ஆகாது. முதல் மாதம் அவன் உள்ளங்கையிலேயே நுரை கட்டி, விரலால் முகத்தில் பூசிக்கொள்ளட்டும்.

வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பேச்சு அவர்களுக்கே முதலில் உரியது. பாரிசவாயு வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட தாத்தாவுக்கோ, கை நடுங்கும் மாமனாருக்கோ சவரம் செய்துவிடும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களிடமே வந்து சேருகிறது. முன்பு பல தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் முடிதிருத்துபவர் வருவார்; அந்த வழக்கம் அருகிவிட்டது. முதியவர் முகத்தோல் தாள்போல் மெல்லியது. சுருக்கங்களில் கத்தி மாட்டும். அங்கே கையால் தடவிய சவுக்காரமும் பழகாத பிரஷ்ஷும் கொடுமை. நன்றாகப் பழகிய, மூன்று மாதமாவது ஓடிய பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். தலையணையை உயர்த்தி, வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் இரண்டு நிமிடம் போட்டுவைத்து, பிறகு நுரையை மெதுவாக வட்டமிட்டுத் தடவுங்கள். மூக்கடியிலும் வாயோரத்திலும் நுரை அதிகம் வேண்டாம். விழுங்கவோ புரையேறவோ கூடும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே கத்தியை ஓட்டுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒரே இழுப்புக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் மயிர் மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பேச முடியாதவர்கூட அந்த வெதுவெதுப்பான நுரை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருப்பார். அதைச் செய்துபார்த்த மருமகள்கள் அறிவார்கள்.

பாதுகாப்பது கடினமல்ல. சவரம் முடிந்ததும் நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். அடியில் சவுக்காரம் தங்கினால் மயிர் அங்கே ஒடியும். கற்றையைக் கையால் மெதுவாகப் பிழிந்து, நாலு உதறு உதறி, துண்டில் இப்படியும் அப்படியும் ஒற்றுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்று சிலர் வாதாடுகிறார்கள். எப்படி வைத்தாலும் சரி, காற்று பட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைத்தால் நம் நாட்டு வெக்கையில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கரப்பான் பூச்சிக்குச் சவுக்காரமும் மயிரும் இரண்டும் பிடித்த உணவு. ஆகவே பலகைமேல் கிடத்தாமல், ஆணியில் கம்பி வளையம் மாட்டித் தொங்கவிடுவது நல்லது. மழைக்காலத்தில், அதிலும் கிழக்குக்கரைப் பக்கம் நவம்பர் முதல் சில மாதங்கள், ஒரே நாளில் பிரஷ் காய்வது அரிது. தினமும் சவரம் செய்பவர்கள் விலை உயர்ந்தது ஒன்றை வாங்குவதைவிட மலிவானவை இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இரண்டும் நீண்ட நாள் உழைக்கும்.

மாதம் ஒருமுறை ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு கரண்டி புளிக்காடி, அதாவது வினிகர், கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசினால் படிந்த சவுக்காரம் கழன்றுவிடும். இப்படிப் பார்த்துக்கொண்டால் மலிவான பன்றிமயிர் பிரஷ்ஷும் பல ஆண்டு வரும். தினமும் கொத்துக் கொத்தாக மயிர் உதிரத் தொடங்கினாலோ, நடுவில் குழி விழுந்தாலோ, கழுவியும் போகாத பூஞ்சண நாற்றம் வந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். பழையதை உடனே குப்பையில் போட வேண்டாம். தையல் இயந்திரத்தின் பல்சக்கர இடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் படியும் தூசைத் தட்ட அதைவிட நல்லது இல்லை. பூசைப் பாத்திரத்துக்கும் சமையல் சாமானுக்கும் மட்டும் அதைக் கொண்டுபோகாமல், தனியாக ஒரு அடையாளம் போட்டு வையுங்கள்.